படகு ஜிபிஎஸ்ஸுக்கு யூஎஸ்பி–சீரியல் கேபிள்: சிப் வாரியாக ஒரு மதிப்புரை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி ஜெட்டிகளில் நிற்கும் பெரும்பாலான விசைப்படகுகளில் ஒரு ஜிபிஎஸ் பெட்டியும் ஆழம் அளக்கும் ஒரு எக்கோ சவுண்டரும் இருக்கும். இரண்டின் முதுகிலிருந்தும், கடல் கருவிகள் தகவல் பரிமாறும் என்எம்இஏ 0183 முறையில் தகவல் வெளியேவரும் வயர்கள் பொதுவாக உண்டு. பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. டேப் சுற்றி ஓரமாகச் செருகிவைத்திருப்பார்கள். அந்த வயர்களை ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கோ ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிக்கோ கொண்டுவந்துவிட்டால் நிறைய வேலை நடக்கும். ஓடிய தடம் பதிவாகும். இந்த இடத்தில் எத்தனை பாகம் (ஏறத்தாழ ஆறடி) ஆழம் என்பது இடத்தோடு சேர்ந்து குறிக்கப்படும். 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கு இன்னும் எத்தனை மைல் என்பது திரையில் தெரியும், நெருங்கினால் பஸர் அடிக்கும். பாக் நீரிணையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் வேண்டியது யூஎஸ்பி–சீரியல் கேபிள் ஒன்றுதான். ஆனால் கடையில் 'யூஎஸ்பி டு ஆர்எஸ்232' என்று கேட்டு வாங்கினால் உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு சிப்புக்கும் தனிக் குணம், தனிக் கோளாறு. டேட்டாஷீட்டில் எழுதியிருப்பது ஒன்று, சிலிக்கான் செய்வது இன்னொன்று. அந்த இடைவெளியை டிரைவர் மென்பொருள்தான் அடைக்க வேண்டும். சந்தையில் அதிகம் கிடைக்கும் நான்கு சிப்புகளை அந்தக் கோணத்தில் இங்கே எடைபோடுகிறோம். கேபிளை வாங்கிப் பொருத்தும் மெக்கானிக்குகளுக்கும் அதற்கு டிரைவரோ செயலியோ எழுத உட்காரும் மாணவர்களுக்கும் சேர்த்தே இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படகில் நிரந்தரமாகப் பொருத்த அசல் எஃப்டி232ஆர், கூடவே ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்துவைப்பது). காசு கம்மி என்றால் சிஹெச்340, ஆனால் கீழே சொல்லும் இரண்டு சோதனைகளில் தேறியதை மட்டும். பிஎல்2303இல் புதிய ஜி வரிசை நல்லது, பழையது வேண்டாம். சிபி2102 நம்பகமானது, ஒரு படகில் ஒன்றே ஒன்று போதும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

சிப்பைக் கண்டுபிடிப்பது

கேபிளை வெட்டத் தேவையில்லை. லினக்ஸ் கணினியில் செருகி 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை கொடுத்தால் நிறுவன எண்ணும் தயாரிப்பு எண்ணும் வரும். 1ஏ86:7523 என்றால் சிஹெச்340. 067பி:2303 என்றால் பிஎல்2303. 0403:6001 என்றால் எஃப்டி232. 10சி4:இஏ60 என்றால் சிபி210எக்ஸ் குடும்பம்.

இந்த எண்ணோடு நின்றுவிடுவதுதான் புதிதாக டிரைவர் எழுதுகிறவர்கள் அதிகம் செய்வது. 067பி:2303 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் லினக்ஸ் டிரைவர் பிரித்துப் பார்க்கும் வகைகள் பல: ஹெச், ஹெச்எக்ஸ், டிஏ, டிபி, ஹெச்எக்ஸ்டி. ஜி வரிசை வேறு தயாரிப்பு எண்களோடு வருகிறது. இத்தனைக்கும் வெளியே போலிகள். எண் ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிப் என்ன செய்கிறது, எதைச் செய்ய மறுக்கிறது என்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. கேட்கும் விதம் சிப்புக்குச் சிப் மாறும்.

சிஹெச்340: விலைக்கு ஏற்றதற்கும் மேலே, ஆனால் வால் சிக்கும்

நான்கில் மலிவானது இதுதான். ராமநாதபுரம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் சுலபமாகக் கிடைக்கிறது. பெயர் தெரியாத கேபிளை வாங்கினாலும் உள்ளே இதுவே இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் கேள்வி, வேகம் சரியாக வருமா என்பது. என்எம்இஏ கருவிகள் 4800 பாடில் (நொடிக்கு இத்தனை பிட்) பேசும், மற்றக் கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் 38400இல் பேசும். இந்தச் சிப்பின் மூலக் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு பிரீஸ்கேலராலும் (முன்வகுப்பி) ஒரு வகுத்தியாலும் வகுத்துத்தான் வேகம் கிடைக்கிறது. 4800க்கு 64ஆல் பிரீஸ்கேல் செய்து 156ஆல் வகுத்தால் 4807.7 வரும். 38400க்கு 8, 156 என்று வகுத்தால் 38461.5. இரண்டிலும் பிழை 0.16 சதவீதம்தான். இந்த அளவு சீரியல் தொடர்புக்கு ஒரு பொருட்டே அல்ல. ஜி வகை 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வெளியே எதிர்பார்க்கும், சி வகைக்கு அது உள்ளேயே இருக்கிறது. உப்புக்காற்றில் கிரிஸ்டல் காலில் பச்சை பிடித்துப் போர்டு நின்றுபோவதைத் தவிர்க்க சி வகையைத் தேடி வாங்குவது நல்லது.

இனி முக்கியமான கோளாறு. இந்தக் குடும்பத்துச் சிப், 32 பைட் சேரும்வரை தகவலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஹெக்ஸ் (16 அடிமான எண்) 12 என்ற பிரீஸ்கேலர் ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் இடம்) 7ஆம் பிட்டை 1 ஆக ஏற்றினால்தான் வந்ததை வந்தபடி அனுப்பும். இந்தப் பிட்டை ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்? எக்கோ சவுண்டரின் ஆழ வாக்கியம் ஒன்று சுமார் 20 பைட், நொடிக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடியில் 20 பைட் உள்ளே போகும், ஒன்றும் வெளியே வராது. இரண்டாம் நொடியில் மொத்தம் 40 ஆனதும் 32 வெளியே வரும், 8 உள்ளே தங்கும். மூன்றாம் நொடியில் 28 ஆகும், மறுபடி ஒன்றும் வராது. நான்காம் நொடியில்தான் அடுத்த 32 வெளியேறும். அதாவது இரண்டாம் நொடியில் அளந்த ஆழத்தின் செக்சம் (வாக்கியம் பிழையின்றி வந்ததா என்று காட்டும் முடிவு எண்) திரைக்குப் போய்ச் சேர்வது நான்காம் நொடியில். 8 நாட் வேகத்தில் படகு நொடிக்கு 4 மீட்டர் போகும், ஆகவே திரையில் தெரிகிற ஆழம் 8 மீட்டர் பின்னால் இருந்த இடத்தின் ஆழம். பாம்பன் கால்வாயை ஒட்டிய மேட்டுப் பகுதிகளில் இது சின்ன விஷயமல்ல. ஜிபிஎஸ்ஸிலும் இதே கதைதான்: இரண்டு வாக்கியம் சேர்ந்து 142 பைட் என்றால் நான்கு கட்டாக 128 போய்விடும், மீதி 14 பைட் அடுத்த நொடி வரை சிக்கிக்கிடக்கும். அந்த 14இல்தான் செக்சமும் வரி முடிவும் இருக்கின்றன. அது இல்லாமல் முழு வாக்கியமும் செல்லாது.

சரி, 7ஆம் பிட்டை எப்போதும் ஏற்றிவிட்டால் போதாதா? போதாது. பதிப்பு எண் ஹெக்ஸ் 27 கொண்ட சிப் ஒன்றிலாவது இந்தப் பிட் தலைகீழாக வேலை செய்வதாக லினக்ஸ் டிரைவரின் மூலநிரலிலேயே குறிப்பு இருக்கிறது. அதனால் அந்த டிரைவர் முதலில் ஹெக்ஸ் 5எஃப் என்ற கோரிக்கையால் பதிப்பைப் படிக்கிறது, 27க்கு மேலே இருந்தால் மட்டும் பிட்டை ஏற்றுகிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள டிரைவரையே பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டில் ஓடிஜி (டேப்லெட்டில் யூஎஸ்பி கருவியைச் செருகும் வசதி) வழியாகச் செயலியே சிப்போடு நேராகப் பேசும்போது இதை நீங்கள்தான் எழுத வேண்டும். "சில சமயம் லேட்டாகுது, சில சமயம் சரியா இருக்குது" என்று படகுக்காரர்கள் சொன்னால் முதலில் இந்தப் பிட்டைப் பாருங்கள். வாக்கியத்தின் நீளம் நொடிக்கு நொடி மாறுவதால் தாமதமும் மாறும், கோளாறு வந்துவந்து போவதாகத் தோன்றும்.

இன்னும் சில. பதிப்பு 30க்குக் கீழே இருந்தால் பாரிட்டி (பிழை காட்டும் பிட்), ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) அமைப்புகளுக்கு வேறு ரெஜிஸ்டர்கள், 30 முதல் ஹெக்ஸ் 18 ஒன்றே போதும். சில சிப்புகள் தொடக்கத்தில் வைத்த வரி அமைப்பை அதற்குப் பிறகு மாற்றவே விடாது. அதனால் திறக்கும்போதே 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்று வைத்துவிடுவது நல்லது. படகுக் கருவிகளுக்கு வேண்டியதும் அதுவே. டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டு வயர்களின் பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுத வேண்டும், சிப் தரும் நிலை பிட்டுகளையும் தலைகீழாக்கியே படிக்க வேண்டும். இது தெரியாமல் எழுதினால் டிடிஆர் 'ஆன்' என்று நினைக்கும்போது 'ஆஃப்' ஆகியிருக்கும், டிடிஆரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பழைய ஐசொலேட்டர் பெட்டிகள் செத்துக் கிடக்கும்.

குறைபாடுள்ள சிப்புகளைக் கண்டுபிடிக்க லினக்ஸ் டிரைவர் செய்வது அருமையான வேலை. டிரைவர் எழுதுகிற எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி அது. இந்தக் குடும்பத்தில் ஒரு பிரிவுக்கு பிரேக் சிக்னல் (வயரை ஒரு எழுத்தின் நேரத்தைவிட நீளமாக ஒரே நிலையில் வைப்பது) அனுப்பத் தெரியாது, பிரீஸ்கேலரும் முழுதாக இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆகவே டிரைவர் தொடக்கத்தில் பிரேக் ரெஜிஸ்டரை ஒருமுறை படித்துப் பார்க்கிறது. சிப் அந்தக் கோரிக்கையை மறுத்து ஸ்டால் செய்தால், 'பிரீஸ்கேலர் குறைவு', 'பிரேக் பாவனை' என்று இரண்டு ஃபிளாக்குகளை அந்தச் சாதனத்துக்கு மட்டும் ஏற்றிக்கொள்கிறது. பிறகு பிரேக் தேவைப்பட்டால் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஒரு பூஜ்ஜிய பைட்டை அனுப்பி, அது முடிந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. எதிர்முனைக்கு அது பிரேக் மாதிரியே தெரியும். என்எம்இஏவுக்கு பிரேக் தேவைப்படாது, ஆனால் அந்த ஒரே சோதனை பிரீஸ்கேலர் குறையையும் சேர்த்துக் காட்டிக்கொடுப்பதால் அதைச் செய்யாமல் விடக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஃபிளாக்கின் பெயர். 'இன்ன மாடல்' என்று பெயரில்லை, 'இன்னதைச் செய்யாது' என்றுதான் பெயர். மாடல் பெயரை வைத்து நிரல் முழுக்க நிபந்தனைகளைத் தூவினால், நாளைக்கு வேறு பெயரில் அதே குறையோடு ஒரு சிப் வரும்போது எல்லா இடத்திலும் கைவைக்க வேண்டிவரும். குறையை வைத்துப் பெயரிட்டால் கண்டறியும் இடத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கடைசியாக, சிப்பின் குற்றமே இல்லாத ஒரு தொல்லை. உபுண்டு 22.04இல் சிஹெச்340 கேபிளைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடக்கூடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' (brltty) என்ற நிரல், 1ஏ86:7523 என்ற எண்ணைப் பார்த்து இது தன் கருவி என்று பிடித்துக்கொள்வதே காரணம். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் (dmesg) அதன் பெயரோடு செய்தி வரும். அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி இல்லையென்றால் நிரலை நீக்கலாம். பயன்பாட்டில் இருந்தால் யூடெவ் (செருகும் சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதியில் அந்த ஒரு வரியை மட்டும் முடக்குங்கள், மற்றவருக்கு வேண்டிய கருவியைக் கெடுக்காதீர்கள்.

பிஎல்2303: எந்தக் காலத்துச் சிப் என்று பார்க்க வேண்டும்

பழைய ஜிபிஎஸ் கேபிள்களில் அதிகம் இருப்பது இது. லினக்ஸ் டிரைவர், சிப்பைத் தொடங்கும்போது ஹெக்ஸ் 8484, 0404, 8383 என்ற முகவரிகளில் படிப்பதும் எழுதுவதுமாக ஒரு வரிசையைச் செய்கிறது. ஏன் இந்த வரிசை என்பதற்கு மூலநிரலில் விளக்கம் இல்லை, ஆனால் வரிசையை மாற்றக் கூடாது. கடைசியில் 2ஆம் ரெஜிஸ்டருக்குப் பழைய வகையானால் ஹெக்ஸ் 24, ஹெச்எக்ஸ் வகையானால் 44. ஜி வரிசைக்கு இந்தச் சடங்கு முழுவதுமே இல்லை, கோரிக்கை எண்களும் ஹெக்ஸ் 80, 81 என்று மாறிவிட்டன. பழைய வரிசையை மட்டும் அறிந்த டிரைவர் ஜி வரிசைச் சிப்போடு பேசினால் பிழைதான் திரும்பி வரும்.

வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சிப்புக்கென்று ஒரு வேகப் பட்டியல் உண்டு: 4800, 9600, 38400 எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத வேகத்தை நேரடியாகக் கொடுத்தால் சிப் பிழை சொல்லாது. சத்தமில்லாமல் 9600க்குப் போய்விடும் என்று டிரைவரின் பழைய குறிப்பே எச்சரித்தது. பட்டியலுக்கு வெளியே வேண்டுமானால் வகுத்தியாக அனுப்ப வேண்டும். 38.4 கோடியை மான்டிசாவும் 4இன் அடுக்கும் சேர்ந்த பெருக்கத்தால் வகுப்பது சூத்திரம். சிப் 'சரி' என்று தலையாட்டுவதை நம்பாமல், போட்ட வேகத்தைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது இதற்கு மருந்து.

உற்பத்தியாளரின் விண்டோஸ் டிரைவர் பழைய ஹெச்எக்ஸ்ஏ வகையை ஏற்பதில்லை. 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும். போலிகளுக்கும் அதே கதி. லினக்ஸில் இரண்டும் ஓடும், ஆனால் கெர்னல் செய்தியில் 'தெரியாத வகை, தயவுசெய்து தெரிவிக்கவும்' என்ற பொருளில் வரி வந்தால் உங்கள் கெர்னலுக்கு அந்தப் பதிப்பு தெரியாது என்று அர்த்தம், கெர்னலைப் புதுப்பிக்க வேண்டும். கரையில் விண்டோஸ் மடிக்கணினியில் சோதித்துவிட்டுப் படகில் ஏற்றுகிற வழக்கம் உள்ள மெக்கானிக்குகளுக்குப் பழைய பிஎல்2303 வெறும் தலைவலி. இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம், புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

எஃப்டி232ஆர்: காசுக்கு மதிப்பு

நான்கில் விலை கூடியது. அசல் கேபிள் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கொடுக்கலாம்.

வேகம் இதில் துல்லியம். 30 லட்சத்தை வகுத்துத்தான் வேகம், வகுத்தியில் எட்டில் ஒரு பங்கு வரை பின்னம் உண்டு. 4800க்கு 625, 38400க்கு 78.125. இரண்டும் மிச்சமில்லாமல் வருகின்றன. தகவலைத் தேக்கிவைக்கும் நேரத்தை லேட்டன்சி டைமர் தீர்மானிக்கிறது. வழக்கமாக 16 மில்லிநொடி. 4800 பாடில் அதற்குள் ஏழெட்டு பைட் வந்திருக்கும், கட்டு நிறையாவிட்டாலும் அனுப்பிவிடும். சிஹெச்340இன் வால் சிக்கும் தொல்லை இங்கே இல்லை. லினக்ஸில் சிஸ்எஃப்எஸ் (sysfs) வழியாக 1 மில்லிநொடி வரை குறைக்கலாம், படகு வேலைக்கு அது தேவைப்படாது.

சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் மாட்டும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சிப் அனுப்பும் ஒவ்வொரு 64 பைட் கட்டின் தலையிலும் 2 பைட் நிலைத் தகவல் இருக்கும், மீதி 62தான் உண்மையான தகவல். ஒரே தடவையில் 512 பைட் படித்துவிட்டு முதல் 2 பைட்டை மட்டும் வெட்டினால், நடுவில் வரும் கட்டுகளின் தலைகள் வாக்கியத்துக்குள் கலந்துவிடும். பெரும்பாலும் ஹெக்ஸ் 01 60 என்ற ஜோடி. 60 என்பது எழுத்தாகத் தெரியும் தலைகீழ் மேற்கோள்குறி, அதனால் ஜிபிஎஸ் வாக்கியத்தின் நடுவே அந்தக் குறி முளைத்திருந்தால் காரணம் இதுவே. ஒவ்வொரு 64க்கும் வெட்ட வேண்டும். 64 என்று நிரலில் எழுதிவைக்காமல் எண்ட்பாயிண்ட் விவரத்திலிருந்து அளவைப் படியுங்கள், அதிவேக வகைகளில் அது 512. மெதுவான ஜிபிஎஸ்ஸில் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் ஒரு படிப்பில் ஒரு கட்டுக்கு மேல் வராது. ஏஐஎஸ் இணைத்த அன்றுதான் செக்சம் தோற்கத் தொடங்கும்.

வகையைக் கண்டறிவதிலும் ஒரு வினோதம்: பிஎம் வகையில் சீரியல் எண் எழுதப்படாமல் இருந்தால், சாதனப் பதிப்பு தவறாக 200 என்று காட்டும். அதையே நம்பினால் வேறு பழைய சிப் என்று முடிவெடுத்துவிடுவோம். லினக்ஸ் டிரைவர் சீரியல் எண் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிறது.

போலிகள் இதில் ஏராளம். 2014இல் வந்த விண்டோஸ் டிரைவர் ஒன்று போலிச் சிப்புகளின் தயாரிப்பு எண்ணை 0000 ஆக்கிவிட்டது, லினக்ஸ் பிறகு 0403:0000ஐயும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்த எண்ணோடு ஒரு கேபிள் கையில் வந்தால் அது அந்தக் காலத்து அடிபட்ட சிப். மேசையில் பயன்படுத்தலாம், கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொரு வசதி: இதன் உள் நினைவகத்தில் உள்வரும் சிக்னலைத் தலைகீழாக்கச் சொல்லலாம். டிடிஎல் என்ற குறைந்த மின்னழுத்த அளவில் வேலை செய்யும் கேபிளை என்எம்இஏ வயரில் மாட்டினால் சிக்னல் தலைகீழாக வந்து குப்பை எழுத்துகளாகத் தெரியும். 5 வோல்ட்டுக்குள் சிக்னல் தரும் ஜிபிஎஸ் என்றால் இந்த ஒரு அமைப்பால் நேராகிவிடும். 12 வோல்ட் வரை ஆடும் ஆர்எஸ்232 வெளியீட்டை மட்டும் டிடிஎல் காலில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள், சிப் போய்விடும்.

சிபி2102

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே இதன் சிறப்பு. குறை ஒன்று: பல போர்டுகளில் சீரியல் எண் '0001' என்றே வருகிறது. ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, எக்கோ சவுண்டருக்கு ஒன்று என்று இரண்டைச் செருகினால் கணினியால் எது எது என்று பிரிக்க முடியாது. சிஹெச்340ஜியில் சீரியல் எண்ணே கிடையாது, அதற்கும் இதே பிரச்சினை. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: பெயரை நம்பாமல் எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து யூடெவ் விதி எழுதுங்கள், அல்லது 'பை-பாத்' (by-path) அடைவில் இருக்கும் பாதையைப் பயன்படுத்துங்கள். துளைகளின் மேல் ஜிபிஎஸ், ஆழம் என்று பெயின்ட்டில் எழுதிவிட்டால் படகில் யாரும் மாற்றிச் செருக மாட்டார்கள்.

படகில் வந்தபிறகு வரும் கோளாறுகள்

மேசையில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய கேபிள் படகில் அரைமணியில் நின்றுவிடும். கெர்னல் செய்தியில் 'ஹப் முடக்கியது, ஈஎம்ஐயாக (மின்காந்த இரைச்சல்) இருக்கலாம், மறுபடி இயக்குகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், சிப்பையும் டிரைவரையும் குறை சொல்ல வேண்டாம். மின் இரைச்சல் யூஎஸ்பி வயருக்குள் நுழைந்திருக்கிறது. 156.8 மெகாஹெர்ட்ஸில் 25 வாட் விஹெச்எஃப் ரேடியோவில் அழைப்பு விடும்போதோ என்ஜின் ஸ்டார்ட்டர் சுழலும்போதோ இது நடக்கும். யூஎஸ்பி கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், இரண்டு முனையிலும் ஃபெரைட் போடுங்கள், ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நீளம் தேவை என்றால் என்எம்இஏ வயரை நீட்டுங்கள், அது முறுக்கிய ஜோடியில் வெகுதூரம் தாங்கும்.

இதற்கு மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். இணைப்பு அறுந்தபின் நிரல் பழைய போர்ட்டை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், திரும்பி வரும் கேபிளுக்குப் போர்ட் எண் 0 கிடைக்காமல் 1 கிடைக்கும். நிரல் 0ஐயே பார்த்துக்கொண்டு நிற்கும், திரையில் பழைய இடமே உறைந்திருக்கும். எல்லைக் கோட்டருகே இதைவிட ஆபத்தான பிழை கிடையாது. படிப்பதில் பிழையோ பூஜ்ஜியமோ வந்த கணமே போர்ட்டை மூடி, துளைப் பாதை வழியாக மறுபடி திறக்க வேண்டும். 3 நொடிக்கு மேல் புதிய வாக்கியம் வரவில்லை என்றால் திரையில் இடத்தை அழித்துவிட்டுப் பஸர் அடிக்க வேண்டும். பழைய இடத்தைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல்.

செருகியவுடன் தொடங்கத் தடுமாறும் சாதனங்களுக்குக் கெர்னலின் 'யூஎஸ்பிகோர் குவர்க்ஸ்' அளவுருவில் எண்ணோடு 'ஜி' (g) என்ற எழுத்தைச் சேர்த்தால் தொடக்கத்தில் இடைவெளி கொடுக்கும், 'என்' (n) என்ற எழுத்து ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் செய்திக்குப் பிறகும் இடைவெளி கொடுக்கும். நிரலைத் திருத்தாமலே முயன்று பார்க்கக்கூடிய வழி. மோடம் மேனேஜர் ஓடுகிற கணினி என்றால் அது போர்ட்டைத் திறந்து மோடத்துக்கான ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும், யூடெவ் விதியில் அந்தச் சாதனத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஐசொலேட்டர் கட்டாயம். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி தரைக்கும் கணினித் தரைக்கும் இடையே வித்தியாசம் வந்து, அது யூஎஸ்பி தரை வழியாக ஓடும். ஏடியூஎம்4160 சிப் வைத்த போர்டு போதும். அது 12 மெகாபிட் வரைதான், நம் நான்கு சிப்புக்கும் அதுவே வேகம். போர்டில் வேகத் தேர்வு ஜம்பர் இருந்தால் ஃபுல் ஸ்பீடில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஒரு வாட் மாற்றி 200 மில்லி ஆம்பியர்தான் தரும், அதற்குப் பின்னால் ஹப் மாட்டாதீர்கள்.

வயரிங்கில்: ஆர்எஸ்232 கேபிள் என்றால் ஜிபிஎஸ்ஸின் ஏ வெளியீடு 2ஆம் பின்னுக்கு, சிக்னல் தரை 5ஆம் பின்னுக்கு. பி வயரைத் தரையோடு சேர்க்கக் கூடாது, அது ஒரு வெளியீடு, ஷார்ட் ஆகும். ஏ, பி இரண்டும் தரும் கருவிக்கு ஆர்எஸ்422 கேபிளே சரி. ஒன்பது பின் கனெக்டரின் இரும்பு உறை ஆடிக் காற்றின் ஒரு பருவத்தைக்கூடத் தாங்காது. வெட்டி எறிந்துவிட்டு நேராக ஈயம் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

2ஆம், 3ஆம் பின்னைச் சேர்த்துவிட்டு அனுப்பியது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது எல்லாரும் செய்வது. அது போதாது. சிப் சத்தமில்லாமல் 9600க்குப் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் அதே வேகத்தில் இருப்பதால் சோதனை தேறிவிடும். நேரத்தையும் அளக்க வேண்டும்: 4800 பாடில் 4800 பைட் அனுப்பினால் 10 நொடி ஆக வேண்டும். 5 நொடியில் முடிந்தால் வேகம் 9600. 11 நொடி ஆனால் பாரிட்டி பிட்டோ இரண்டாவது ஸ்டாப் பிட்டோ கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து வால் சோதனை. வெறும் 20 பைட் அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். உடனே 20ம் திரும்பினால் நல்லது. ஒன்றும் வராமல், இன்னும் 12 அனுப்பியதும் 32 மொத்தமாக வந்தால் டிரைவர் அந்த 7ஆம் பிட்டைச் சரியாக வைக்கவில்லை. இந்த இரண்டையும் டேப்லெட்டிலும் தனியாகச் செய்யுங்கள், கணினியில் தேறியது அங்கே தேறும் என்று உறுதியில்லை.

இந்த வேலைகளுக்கு ஏற்ற நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், என்ஜினை ஓட்டி, விஹெச்எஃப் பேசி, இரைச்சலோடு சோதிக்கலாம். தேறிய கேபிளில் இரண்டு வாங்குங்கள், ஒன்று படகிலேயே உப்புப் படாத டப்பாவில் இருக்கட்டும். அதே உறையில் அடுத்த லாட்டில் வேறு சிப் வருவது சகஜம், ஆகவே இரண்டையும் சோதித்துவிட்டு, சிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் சோதித்த தேதியையும் எழுதிய சீட்டைக் கேபிள் மேல் வைத்து ஒளிபுகும் ஹீட் ஷ்ரிங்க்கால் மூடிவிடுங்கள்.